பனிக்காகப் பிறந்த கண்ணாடி, மழையில் பூட்டிய கதவு

மும்பையில் தண்ணீர் உறைந்ததில்லை. சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.4 டிகிரி செல்சியஸ். அது 1962 ஜனவரி 22ஆம் நாள் பதிவானது. நீரின் உறைநிலைக்கு அதுவும் ஏழு டிகிரிக்கு மேலேதான். ஆகவே, காலையில் காரின் முன்கண்ணாடி பனித்தகடாய் இறுகிக்கிடப்பதும், கண்ணாடியைக் கழுவும் வாஷர் நீர் தொட்டியிலேயே உறைந்து நிற்பதும் இந்நகரத்தாருக்குக் கேள்விச் செய்திகள் மட்டுமே. எனினும், காருக்குத் துன்பம் நேரும் பருவம் மும்பைக்கும் உண்டு. அது டிசம்பரில் வருவதில்லை. ஜூன் இரண்டாம் வாரத்தில் தென்மேற்குப் பருவமழையோடு வந்து செப்டம்பர் இறுதிவரை நிற்கிறது. ஒரு தட்பவெப்பத்துக்காக உருவான இயந்திரம் வேறொரு தட்பவெப்பத்துக்குள் கொண்டுவரப்படும்போது, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டின் விலையைக் கொடுப்பவர் யார்? தொழில்நுட்ப வரலாறு அதிகம் கேட்காத கேள்வி இது. இதைக் கேட்பதற்கு மாட்டுங்கா லேபர் கேம்பும் அதன் சுற்றுப்புறமும் பொருத்தமான இடங்கள்.

பெயரே உணர்த்துவதுபோல் லேபர் கேம்ப் உழைப்பாளிகளின் குடியிருப்பு. ஒருபுறம் தாராவி, மறுபுறம் 1915இல் நிறுவப்பட்ட மாட்டுங்கா ரயில்வே பணிமனை. தமிழரும் மராத்தியரும் அருகருகே வாழ்ந்த இப்பகுதி, அண்ணாபாவ் சாட்டே, பாபுராவ் பாகுல் ஆகியோரின் வழியாக மராத்தி தலித் இலக்கிய வரலாற்றிலும் இடம்பெற்றது. பக்கத்துத் தாராவியில் 1887இல் தொடங்கிய முதல் தோல் பதனிடும் சாலையையும் அதைத் தொடர்ந்து வந்த தமிழ்த் தொழிலாளரையும் பற்றி ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இங்கு கவனத்திற்குரியது நிலத்தின் தாழ்வு. தாராவியின் பெரும்பகுதி மாஹிம் ஓடையை ஒட்டிய சதுப்பைக் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கிய நிலம். ரயில் பாதைகளைத் தாண்டிக் கிழக்கே சென்றால் கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட்டும் வருகின்றன, வடக்கே சயன். பெருமழை பெய்யும்போதெல்லாம் செய்தித்தாள்களில் தவறாமல் இடம்பெறும் பெயர்கள் இவை.

தொடக்ககாலக் கார் திறந்த வண்டி. குதிரை பூட்டாத சாரட்டு என்றே அதைக் கருதலாம். அமெரிக்காவில் 1919இல் விற்ற கார்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே மூடிய உடல் கொண்டது. 1920களின் இறுதிக்குள் இந்த விகிதம் தலைகீழாகி, பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை மூடிய கார்களாயின. மலிவான மூடிய கார்களை ஹட்சன் நிறுவனம் எஸெக்ஸ் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. மூடிய கார் வேண்டப்பட்டதற்கு முதன்மையான காரணம் குளிர். திறந்த கார் கோடையின் பொழுதுபோக்கு வண்டி. மூடிய காரோ பனிக்காலத்திலும் வேலைக்குச் செல்ல உதவும் வண்டி. அந்த வகையில் மூடிய கார் என்பது சக்கரம் பூட்டிய குளிர்நாட்டு வீடு: காற்று புகாத கதவு, இறுக்கமான ரப்பர் விளிம்பு, நாற்புறமும் கண்ணாடி.

கண்ணாடி வந்தபின் அதைத் துடைக்க ஒன்று தேவைப்பட்டது. அந்தக் கருவியும் பனியின் குழந்தைதான். அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் நியூயார்க்கில் பனிமழை நாளொன்றில் டிராமில் சென்றார். முன்கண்ணாடியில் படிந்த பனியால் ஓட்டுநர் வழி தெரியாமல் தவிப்பதைக் கண்டார். வண்டிக்குள்ளிருந்தே நெம்புகோலால் இயக்கத்தக்க துடைப்பான் ஒன்றை வடிவமைத்து, 1903 நவம்பர் 10 அன்று காப்புரிமை பெற்றார். அதனால் அவருக்குப் பணம் எதுவும் கிட்டவில்லை. வைப்பரைப் பெருந்தொழிலாக வளர்த்தவர் பஃபலோ நகரத்து ஜான் ஓயிஷெய். மழைநாளில் தமது கார் மிதிவண்டிக்காரர் ஒருவர்மீது மோதிய நிகழ்வே அவரை இத்தொழிலுக்குத் தூண்டியது. அவர் நிறுவிய நிறுவனம் பின்னர் டிரைகோ என்று அறியப்பட்டது.

துடைப்பான் மட்டும் போதவில்லை. பனிக்காலச் சாலைகளில் உப்பும் சேறும் கலந்து தெறிக்கும். உலர்ந்த கண்ணாடியில் அவற்றைத் துடைத்தால் பார்வை முற்றிலும் மறைந்துவிடும். ஆகவே 1930களின் நடுவில் நீர் பீய்ச்சும் வாஷர் தோன்றியது. சேற்றைக் கழுவ வந்த நீரே குளிரில் உறைந்து தானே ஒரு பழுதாயிற்று. தொட்டி நீர் உறைந்தால் பருமன் கூடித் தொட்டி விரிசல் விடும், பீச்சுமுனை அடைபடும், உறைந்த பம்பை இயக்க முயன்றால் ஃபியூஸ் போகும். உறைநிலை மைனஸ் 97.6 டிகிரியாக உள்ள மெத்தனாலை நீரில் கலப்பது இதற்குக் கண்ட தீர்வு. கனடாவில் மைனஸ் 40 டிகிரி வரை உறையாது எனக் குறிக்கப்பட்ட நீலநிற வாஷர் திரவம் எரிபொருள் நிலையங்களில் சாதாரணமாகக் கிடைக்கிறது. 1983க்குப் பிறகு டொரொண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடியேறிய ஈழத்தமிழர் தம் முதல் குளிர்காலத்தில் கற்ற நடைமுறைப் பாடங்களுள் அதுவும் ஒன்று. ஆனால் தீர்வுக்கும் விலை உண்டு. மெத்தனால் நஞ்சு. மலிவுச் சாராயத்திற்கு மாற்றாக வாஷர் திரவத்தைக் குடித்து மாண்டவர்கள் ஐரோப்பாவில் இருந்ததால், பொதுமக்களுக்கு விற்கும் வாஷர் திரவத்தில் மெத்தனாலின் அளவை ஐரோப்பிய ஒன்றியம் 0.6 விழுக்காட்டுக்கு மிகாமல் 2019 முதல் கட்டுப்படுத்தியது.

திரவம் உறையாமல் இருந்தாலும் சிக்கல் முடிவதில்லை. குளிர்ந்த கண்ணாடிமீது பீய்ச்சியவுடன் அதிலுள்ள ஆல்கஹால் விரைந்து ஆவியாகிவிடும்; எஞ்சும் நீர் கண்ணாடியிலேயே உறையும். எனவே முதலில் கண்ணாடியை உட்புற வெப்பக்காற்றால் சூடாக்கி, அதன் பின்பே வாஷரைப் பயன்படுத்த வேண்டும். அவசரப்பட்டு வெந்நீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் காணும். இத்தகைய அறிவு குளிர்நாடுகளில் வாகனக் கையேட்டிலும், ஓட்டுநர் பயிற்சியிலும், அரசின் குளிர்கால அறிவிப்புகளிலும் முறையாக இடம்பெற்றுள்ளது. இந்தியாவிலும் குளிர் அவ்வாறு அரசின் கவனத்தைப் பெற்றிருக்கிறது. கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு பிரிந்து இறுகிவிடுவதால் லடாக்கில் வண்டிகள் நின்றுபோவது வழக்கம். மைனஸ் 33 டிகிரியிலும் பாயும் தன்மை இழக்காத குளிர்காலத் தர டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அங்கு அறிமுகப்படுத்தியது. சுருங்கச் சொன்னால், குளிரால் விளையும் பழுதுக்கு ஓர் எழுதப்பட்ட அறிவுத்துறை உண்டு. மழையால் விளையும் பழுதுக்கோ நெடுங்காலம் அப்படியொன்று இல்லை.

மும்பைக்கு வந்த கார் எது என்பதிலிருந்து இதை விளங்கிக்கொள்ளலாம். வால்சந்த் ஹிராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை குர்லாவில் அமைந்தது. லேபர் கேம்பிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவு. முதலில் கிரைஸ்லர் வண்டிகளைப் பூட்டி விற்ற அந்நிறுவனம், பின்னர் இத்தாலியின் ஃபியட்டோடு உடன்பாடு கொண்டது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், குளிர்காலத்தில் பனி பெய்யும் தூரின் நகரத்தில் உருவான ஃபியட் 1100 வகை, 1960களில் குர்லாவில் தயாராகி, 1970களில் பிரீமியர் பத்மினி என்ற பெயரைப் பெற்றது. கருப்பும் மஞ்சளும் பூசிய மும்பை டாக்ஸி என்றால் பல பத்தாண்டுகள் இந்த வண்டிதான். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் ஊட்டும் சோக் இழுவை அதோடு வந்து சேர்ந்தது. தேங்கிய நீரில் மணிக்கணக்கில் ஊர்ந்து செல்லும் வழி எதுவும் அதோடு வரவில்லை.

அந்தக் காலத்துப் பெட்ரோல் எஞ்சினின் உயிர்நாடி தீப்பொறி. காயிலிலிருந்து பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி வழியாக ஒவ்வொரு பிளக்குக்கும் செல்ல வேண்டும். மூடிக்குள் சிறிது ஈரம் படர்ந்தாலும் மின்சாரம் அந்த ஈரத்தின் வழியே கசிந்துவிடும். பிளக்கில் பொறி எழாது. வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். வைப்பரின் கதையும் ஒத்ததே. டைனமோ பூட்டிய வண்டிகளில் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது மின் உற்பத்தி மிகக் குறைவு. மழையால் போக்குவரத்து தேங்க, முகப்பு விளக்கும் வைப்பரும் சேர்ந்து பாட்டரியைக் குடித்துவிடும். அதாவது, மழை மிகக் கடுமையாகப் பெய்து வைப்பர் மிகவும் தேவைப்படும் பொழுதில்தான் அது தளர்ந்து நிற்கும்.

இக்குறைகளை நிறுவனத்தின் வடிவமைப்பு அறை தீர்க்கவில்லை. ஓட்டுநரும் தெருவோர மெக்கானிக்கும் தீர்த்தனர். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைப்பது, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டுவது, நீரைக் கடக்கையில் முதல் கியரிலேயே ஆக்ஸிலரேட்டரை விடாமல் மிதித்துச் சைலன்ஸருக்குள் நீர் ஏறாமல் காப்பது ஆகியன அவர்களுடைய பருவகால நெறிமுறைகள். வைப்பர் நின்றுவிட்டால் பீடிப் புகையிலையையோ வெட்டிய உருளைக்கிழங்கையோ கண்ணாடியில் தேய்ப்பார்கள். மழைநீர் துளித்துளியாய் நின்று பார்வையைச் சிதறடிக்காமல் மெல்லிய படலமாய் வழிந்தோட அது உதவும். உதிரி பாகங்களுக்குக் குர்லா சி.எஸ்.டி. சாலையின் பழைய சாமான் கடைகள் இருந்தன. காரின் ஆயுள் முடிந்தபின் அதன் பிளாஸ்டிக் பாகங்கள் தாராவியின் 13ஆம் காம்பவுண்டில் அரைபட்டுப் புது மூலப்பொருளாயின. எந்தக் கையேட்டிலும் ஏறாத இந்த அறிவே தூரின் காரை மும்பைக் காராக்கியது. தொழில்மயமாதல் பற்றிய வரலாறுகள் உற்பத்தியை எண்ணுகின்றன. பழுதுநீக்கும் உழைப்பை எண்ணுவதில்லை. அவ்வுழைப்பாளிகளின் பெயர்கள் ஆவணங்களில் இல்லாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

1991க்குப் பிந்தைய பொருளாதார மாற்றத்தோடு மும்பைச் சாலைகளுக்குப் புதிய தலைமுறைக் கார்கள் வந்தன. டிஸ்ட்ரிபியூட்டர் மறைந்து மின்னணுக் கட்டுப்பாடு வந்தது. ஈரத்தால் வண்டி நிற்பது குறைந்தது. கூடவே குளிரூட்டி, மின்சாரத்தால் இயங்கும் சன்னல், மையப் பூட்டு ஆகியனவும் வந்தன. பத்மினியின் சன்னலைக் கைப்பிடியைச் சுழற்றி இறக்கலாம். அதன் முன்புறத்தில் தனியே திறக்கும் முக்கோணக் கண்ணாடியும் இருந்தது. புதிய காரின் கதவும் சன்னலும் மின்சாரத்தை நம்பியவை. குளிர்நாட்டில் வெப்பம் வெளியேறாமல் காக்க மூடப்பட்ட கார், மும்பையில் குளிர்ச்சி வெளியேறாமல் காக்க மூடப்பட்டது. நோக்கம் தலைகீழானாலும் வடிவம் அதுவே.

இவ்வடிவத்தின் ஆபத்து 2005 ஜூலை 26 அன்று வெளிப்பட்டது. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதே பொழுதில் தென்முனையிலுள்ள கொலாபாவில் பெய்தது ஏறத்தாழ 74 மில்லிமீட்டர்தான். நகரின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையை, அதுவும் கடல் வற்றியிருக்கும் வேளையில், கடத்துவதற்குக் கட்டப்பட்டவை. அவற்றின் கொள்ளளவை இரட்டிப்பாக்க வேண்டும் என்ற பரிந்துரை 1993இலேயே அளிக்கப்பட்டும் பணிகள் பெருமளவு கிடப்பில் இருந்தன. விமான நிலையத்தாலும் பாந்த்ரா குர்லா வளாகத்தாலும் நெருக்கப்பட்ட மித்தி ஆறு கரைமீறியது. குர்லா, கலினா, சயன், தாராவி ஆகிய பகுதிகள் நீரில் மூழ்கின. மகாராஷ்டிர மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள், மும்பைச் சாலைகளில் தம் கார்களுக்குள்ளேயே அடைபட்டு மூச்சுத்திணறி இறந்தவர்களும் இருந்தனர்.

எவ்வாறு இது நிகழ்கிறது என்பதை எளிய இயற்பியல் கொண்டே அறியலாம். ஒரு மீட்டர் அகலமுள்ள கதவின் வெளிப்புறத்தில் 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், அது கதவை உள்நோக்கி அழுத்தும் விசை ஏறத்தாழ 180 கிலோகிராம் எடைக்குச் சமம். உட்கார்ந்த நிலையில் இருப்பவரால் அதை எதிர்த்துக் கதவைத் தள்ள இயலாது. மின்சுற்று நனைந்தால் சன்னலும் பூட்டும் செயலற்றுப்போகும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்து சைலன்ஸரின் வாய் நீரில் மூழ்கினால், வெளியேற வழியற்ற புகை இணைப்புகளின் வழியே கசிந்து உள்ளே புகலாம். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நீர் வடியட்டும் என்று குளிரூட்டியை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக் காத்திருப்பது விவேகமாகத் தோன்றும். அந்தக் காத்திருப்பே உயிரைப் பறிக்கக்கூடியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2017 ஆகஸ்ட் 29 அன்று மீண்டும் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, சயன் பகுதியில் நீரில் சிக்கிய காருக்குள் இளம் வழக்கறிஞர் ஒருவர் இறந்துகிடந்தார். லேபர் கேம்பிலிருந்து நடந்து செல்லும் தொலைவுதான் அது.

இத்தகைய வேளையில் செய்யத்தக்கன மிகச் சில. நீர் சக்கரத்தின் பாதி உயரத்தை எட்டும் முன்பே, மின்சாரம் உள்ளபோதே சன்னலை இறக்கிவிட வேண்டும். வண்டியைக் கைவிட்டு மேட்டுக்குச் செல்ல வேண்டும். சன்னல் இறங்காவிடில் பக்கவாட்டுக் கண்ணாடியின் ஓரத்தில் கூரிய எஃகு முனையால் அடித்தால் அது சிறுமணிகளாய்ச் சிதறும். முன்கண்ணாடி அவ்வாறு உடையாது; இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே படலம் வைத்து ஒட்டப்பட்டது அது. நீரில் நின்றுபோன எஞ்சினை மறுபடி கிளப்பக் கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மும்பையின் பருவமழை ஓட்டுநருக்கு இவை, ஸ்கார்பரோ ஓட்டுநருக்கு மைனஸ் 40 டிகிரித் திரவம் எவ்வளவு அடிப்படையோ அவ்வளவு அடிப்படையானவை.

அன்றைய இழப்பு எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதும் வரலாற்றின் பொருளே. 2005 வெள்ளத்தில் 37,000 ஆட்டோ ரிக்‌ஷாக்கள், 4,000 டாக்ஸிகள், 900 பெஸ்ட் பேருந்துகள் பழுதுற்றன என்பது அப்போது பரவலாக வெளியிடப்பட்ட கணக்கு. பேருந்தின் இழப்பை நிறுவனம் ஏற்கும். சொந்தக் காரின் இழப்பில் ஒரு பகுதியைக் காப்பீடு ஏற்கும். அதிலும் நீர் புகுந்து எஞ்சின் முறிவது பின்விளைவுச் சேதம் என்று மறுக்கப்படுவது வழக்கமாக இருந்தது, பின்னர் அதற்கெனத் தனிக் கட்டணத்தோடு கூடுதல் பாதுகாப்பு விற்கப்படலாயிற்று. ஆட்டோவின் இழப்போ, பெரும்பாலும் அன்றாடம் வாடகை கட்டி ஓட்டுபவரின் அடுப்பில் விழுந்தது. நின்றுபோன வண்டிகளிலிருந்து மனிதரை வெளியேற்றியவர்களும், கயிறு கட்டி அவர்களைக் கரைசேர்த்தவர்களும், தேநீரும் பிஸ்கட்டும் தங்க இடமும் கொடுத்தவர்களும் பெரும்பாலும் சாலையோரக் குடியிருப்புகளின் மக்களே. அவர்களுள் பலருடைய வீடுகளுக்குள்ளும் அப்பொழுது நீர் நின்றுகொண்டிருந்தது.

கடைசிப் பிரீமியர் பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29 அன்று பதிவானது. இருபதாண்டு வயதுவரம்பு நிறைவுற்றதால் 2023 அக்டோபரில் அவ்வகை டாக்ஸிகளின் காலம் முடிந்தது. நாளிதழ்கள் அதற்கு விடைகொடுத்து எழுதியவற்றில் காரின் அழகும் நகரத்தின் நினைவும் நிறைந்திருந்தன. அதை நாற்பது பருவமழைகளில் ஓடவைத்த கைகள் அவற்றில் அதிகம் இடம்பெறவில்லை. பனியில் உறையும் வாஷருக்குப் பின்னே காப்புரிமைகளும், வேதியியலும், சட்டவரம்புகளும், கையேடுகளும் அணிவகுத்து நிற்கின்றன. மழையில் நின்றுபோகும் காருக்குப் பின்னே நிற்பவை ஓர் உலர்ந்த துணியும், பிளாஸ்டிக் தாளும், ஒரு தொழிலாளியின் பயிற்சியும். அப்பயிற்சி எழுதப்படாமல் போனதன் விலை கார்களின் பழுதோடு நிற்கவில்லை. லேபர் கேம்பிலும் குர்லாவிலும் அந்தத் தொழிலைச் செய்த தலைமுறை முதுமையடைந்துவரும் இக்காலத்தில், அவர்களுடைய வாய்மொழியைப் பதிவுசெய்வது மும்பைத் தமிழர் வரலாற்றுக்கும் வெள்ளப் பாதுகாப்புக்கும் ஒருசேரப் பயன்படும் பணியாகும்.